பிசிறு நீக்கிய படம்

எனக்குப் பிசிறு பிடிக்காது. ரவிக்கைத் தையலில் ஒரு நூல் தொங்கினால்கூட அதைக் கத்தரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இல்லாவிட்டால் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. என் தம்பி வேதகிரி இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வான். "அக்கா கையில கத்தரிய பாத்தா ஆடுகூட வால மறைச்சிக்கினு போவுது" என்பான்.

கல்பனா, நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். ஐந்தேகால் காஞ்சிபுரம் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான் என்று சொல்லி உங்களை எழுப்பிவிட்டதும் நான்தான். பஸ் ஒரு சாக்கு. நீங்களும் அதைப் புரிந்துகொண்ட மாதிரிதான் இருந்தது.

நீங்கள் வந்தது சாதாரண வேலைக்கு. பழைய ஏரிப் படங்களையெல்லாம் வாங்கிப்போய்ப் புது வடிவத்துக்கு மாற்றவேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஏரிக்கு மட்டும் இரண்டு ஃபைல் இருந்தது. 2004ல் முதலில் வரைந்த ஷேப் ஃபைல் ஒன்று. மறுவருஷம் பங்குனியில் வேறு வடிவத்துக்கு மாற்றி மேலிடத்துக்கு அனுப்பியது இன்னொன்று. முதல் படத்தில் ஏரியின் மேற்குக் கோடியில் பதினோரு வீடு. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. "மேடம், இது மாத்தும்போது தானா விழுந்ததா, இல்ல யாராவது எடுத்ததா?" என்று கேட்டீர்கள். நான்கு வருஷத்தில் இதை இப்படிப் பிரித்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

எனக்கு எதையும் பேச்சாகத்தான் நினைவு வைத்துக்கொள்ளத் தெரியும். முகம் மறந்துபோகும், தேதி மறந்துபோகும். யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே காதில் இருக்கும். அதனால் கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்தேன். புலப்படம், கிராமப்படம், எல்லைக்கல் கணக்கு எல்லாம். பேனாவும் இங்க்கும் தடவித் தடவி விரல் நுனி எனக்கு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உரக்கடை மாடியில் ஒரு தொண்டு நிறுவனம் ஆபீஸ் திறந்தது. ஏரிகளைச் செப்பனிடும் திட்டம். பழைய புலப்படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எலியைப் பிடித்து நகர்த்த ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் அந்த ஆபீஸில் என்னைவிட வேகமாக வயல் வரப்பு வரைகிறவர்கள் இல்லை.

பொறியாளர் சுகுமார் அங்கே எங்களுக்கெல்லாம் மேல். முப்பத்தைந்து வயதிருக்கும். செய்யாறு பக்கத்து ஆள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் இலவசமாக இறக்கியது. அதில் ஒன்றுக்கு கிராஸ் என்று பேர். நாங்கள் அதைப் புல் என்றுதான் சொல்லுவோம். "ஷேப்ப புல்லுக்கு மாத்திட்டீங்களா?" என்று அவர் கேட்பார். கீழே உரம் வாங்க வந்தவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்களோ என்று சிரித்துக்கொள்வோம்.

இந்த மாற்றுகிற வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் இதை வேறு யாராவது படிக்கக்கூடும், அதனால் சொல்கிறேன். ஷேப் ஃபைலில் ஒவ்வொரு வயலும் தனித்தனி மூடிய கோடு. பக்கத்து வயலுக்கு அதே வரப்பைத் திரும்ப வரைய வேண்டும். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. நடுவில் மயிரிழை போல ஒரு சந்து விழும். புல் அதை ஒத்துக்கொள்ளாது. அதற்கு ஒரு வரப்பு என்றால் ஒரே கோடுதான். ஷேப்பிலிருந்து மாற்றும்போது அந்தச் சந்துகளையெல்லாம் தனித்தனித் துண்டு நிலமாக எண்ணிக் காட்டும். அதைத்தான் நான் பிசிறு என்பேன். ஆபீஸ் முழுக்க அந்தச் சொல்லே நின்றுவிட்டது. "அம்மா, பிசிறு எடுத்தாச்சா?" என்பது சுகுமார் தினமும் கேட்கிற கேள்வி.

பிசிறு எடுக்க ஒரு கட்டளை உண்டு. இத்தனை சதுர மீட்டருக்குக் குறைந்த துண்டு எதுவானாலும் எடுத்துவிடு என்று ஓர் எண் கொடுக்கவேண்டும். எடுத்த துண்டை அது தூக்கிப் போடாது. எந்தப் பக்கத்து நிலத்தோடு அதற்கு நீளமான எல்லை இருக்கிறதோ அதோடு சேர்த்துவிடும். ஒரு வகையில் அது நியாயம்தான்.

இப்போது திட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் மானாம்பதிக்குத் தெற்கே உள்ளடங்கியது. ஏரியின் கரை கிழக்கே. மேற்கே, தண்ணீர் வந்து சேருகிற பக்கம், ஒரு மேடு. அதைத் திட்டு என்போம். திட்டில் பதினோரு குடிசை. இருளர்கள். களை எடுக்கவும், அறுப்புக்கும், எலி பிடிக்கவும் ஊருக்குள் வருவார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஏரி நிரம்பினால் திட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். வெளியே வர ஒரே வழி, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரவுக்காலைத் தாண்டவேண்டும். ஏரி நிரம்பிய காலத்திலும் அதில் முழங்கால் அளவுதான் இருக்கும்.

2004 வைகாசியில் அளக்கப் போனபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் கங்கம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. நான் குனிந்து எழுதுவதைப் பார்த்து, "சர்வேயம்மா, எங்க வூட்டையெல்லாம் எதுக்கு அளக்குற? தொரத்தறதுக்கா, வெச்சிக்கிறதுக்கா?" என்றாள். படத்தில் போடுவதற்கு என்றேன். "படத்துல போட்டா?" என்றாள். படத்தில் இருந்தால் இருக்கிறதுதான், யாரும் இல்லையென்று சொல்லமுடியாது என்றேன். அப்படியானால் ஆட்டுக்குட்டிக்கு இறக்கியிருந்த சாய்ப்பையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சேர்த்தே அளந்தேன்.

அவள் புருஷன் கேசவன் அதிகம் பேசமாட்டான். திட்டின் சரிவில் பாதி புதைந்திருந்த ஒரு கருங்கல்லைக் காட்டினான். அவன் அப்பா காலத்துப் பெருமழையில் தண்ணீர் வந்து நின்ற இடமாம். "இதத் தாண்டி வராதும்மா. அதுக்குள்ள கலங்கல்ல வழிஞ்சிடும்" என்றான். கலங்கல் என்பது ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கட்டுச்சுவர். அதன் மட்டமும் கல்லின் மட்டமும் நான் கருவி வைத்துப் பார்த்தபோது ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. படிக்காத மனிதன். என் நோட்டில் அன்றைக்கு அதைத் தனியாகக் குறித்து வைத்தேன்.

அவர்கள் பேரையெல்லாம் கேட்டுக் கேட்டுப் படத்துக்குள் நான்தான் தட்டினேன். கங்கம்மாள் பஸ் ஏறி மாடி ஆபீஸுக்கே வந்தாள் ஒரு நாள். திரையில் ஏரி முழுதும் காட்டினேன். "இன்னாம்மா, எங்க வூடு எறும்பாட்டம் கீது" என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். இன்னும், இன்னும் என்றாள். திரை முழுக்க அவள் வீடு வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோலம் போடக்கூட எடம் வுட்டுக்கிறியே" என்றாள். அதற்குப் பிறகு வழியில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "எங்க வூடு இன்னும் அந்தப் பொட்டிக்குள்ள கீதா?" இருக்கிறது என்பேன்.

எங்கள் நிலம் கடைமடை. மதகிலிருந்து தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். சேர்ந்தால்தானே. பதினான்கு வருஷம் இரண்டாம் போகம் என்பதே கிடையாது. வேதகிரி விடிவதற்கு முன்னால் மண்வெட்டியோடு கால்வாயில் போய் நிற்பான். மதகை ஒட்டி நிலம் வைத்திருக்கிற தலைமடைக்காரர்கள் பல் துலக்கிக்கொண்டே, "கடைமடைக்கு நேத்து கனவுல வந்துச்சாமே தண்ணி" என்பார்கள். அவனும் சிரிப்பான். எங்கள் அப்பாவும் அதே இடத்தில் அதே மாதிரி சிரித்தவர். காய்ந்த நாற்றைப் பார்த்துக்கொண்டே அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் விழுந்து செத்தார். கடைமடையில் நூற்றுநாற்பது குடும்பம். பாதிப் பேர் நிலத்தைப் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள்.

திட்டத்தில் கலங்கலை ஒன்றரை அடி உயர்த்துவதாக இருந்தது. ஒன்றரை அடி தண்ணீர் கூட நின்றால் கடைமடைக்கு இரண்டாம் போகம் உறுதி. ஆனால் ஒரு விதி. உயர்த்திய பிறகு தண்ணீர் நிற்கப்போகிற எல்லைக்குள் குடியிருப்பு இருந்தால், அவர்களுக்கு முதலில் மாற்று இடம் கொடுத்தாகவேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அந்த ஏரி அடுத்த கட்டத்துக்குப் போகும். அடுத்த கட்டம் என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. சுகுமார் மாற்று இடத்துக்கு நடையாய் நடந்தார். இரண்டு வருஷமாவது ஆகும் என்றார்கள். திட்டத்துக்கு ஏரிகளைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பங்குனியோடு முடிகிறது.

வேதகிரியிடம் இதைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "வுடுக்கா. அப்பாவுக்கே வரல. எனக்கு மட்டும் வந்துடுமா?" என்றான். அதை அவன் திட்டியே சொல்லியிருக்கலாம்.

பங்குனி இரண்டாம் வாரம் சுகுமார் கூட்டத்துக்குச் சென்னை போனார். போகும்போது, ஏரிப் படத்தைப் புல்லுக்கு மாற்றி, பிசிறு எடுத்து, சிடியில் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார். மேலிடத்தில் ஆள் வந்து பார்ப்பதில்லை. ஃபைலைத் திறந்து, எல்லைக்குள் எத்தனை வீடு என்று கம்ப்யூட்டரையே எண்ணச் சொல்வார்கள். வருகிற எண்ணை எழுதிக்கொள்வார்கள்.

மாற்றினேன். பிசிறு எடுக்கிற கட்டளையில் ஐம்பது என்று போட்டேன். ஐம்பது சதுர மீட்டர் என்பது ஒன்றேகால் சென்ட். வயல் எதுவும் அவ்வளவு சின்னதாக இராது. திட்டில் இருந்த வீடுகள் எல்லாம் அதற்குள் அடங்குபவை. அவை போயின. பக்கத்து நிலத்தோடு சேர்ந்தன. திட்டுக்குப் பக்கத்து நிலம் என்று ஒன்றுதான் உண்டு. ஏரி.

மறுநாள் காலை சுகுமார் போன் செய்தார். "திட்டு வீடுங்க படத்துல சரியா தெரியுதாம்மா? இல்லன்னா நான் தனியா ஒரு கடிதம் எழுதிடறேன்" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றேன். "அப்ப அவங்களே பாத்து முடிவு பண்ணட்டும்" என்று வைத்துவிட்டார்.

சித்திரையில் அனுமதி வந்தது. கூட்டம் கூடி சுகுமாருக்கு மாலை போட்டார்கள். அவர் என்னிடம் வந்து, வீடுகள் இருந்தும் எப்படி அனுமதித்தார்கள் என்று கேட்டார். மாற்று இடத்தை மேலேயே பார்த்துக்கொள்வார்களாக இருக்கும் என்றேன். அவருக்கு வேறு ஒன்பது ஏரி இருந்தது. நம்பினார்.

திட்டில் இருப்பவர்கள் நிலையாக ஒரு இடத்தில் இருப்பவர்கள் இல்லை என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். வேலை இருக்கிற பக்கம் போவார்கள், வருவார்கள். தண்ணீர் ஏறினால் தாமாகவே நகர்ந்துவிடுவார்கள். பதினோரு வீடு நகர்ந்தால் நூற்றுநாற்பது வீட்டில் அடுப்பு எரியும். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், கணக்கு சரியென்றுதான் சொல்வார்கள்.

ஆனியில் கலங்கல் சுவரை உயர்த்தினார்கள். செங்கல் சுமந்தவர்களில் திட்டுப் பெண்களும் இருந்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் கங்கம்மாள் சிமெண்டுத் தலையோடு அப்படியே மாடிக்கு வந்தாள்.

"கலங்கல ஏத்தறாங்களேம்மா. அப்ப தண்ணி எங்க கல்ல தாண்டாதா?"

"படம் பாத்துதான் ஏத்தறாங்க, கங்கம்மா."

"படத்துல நாங்க கீறோமா?"

நான் கம்ப்யூட்டரைத் திருப்பி ஷேப் ஃபைலைத் திறந்து காட்டினேன். அதை நான் அழிக்கவில்லை. மாற்றும்போது பழைய ஃபைல் பழையபடியே இருக்கும். பதினோரு வீடும் இருந்தது. அவளே விரலை வைத்து எண்ணினாள். தன் வீட்டில் விரலை வைத்து, "ஆட்டுச் சாய்ப்பு கூட கீது" என்றாள். திட்டில் சில பேர் நகர்ந்துவிடலாம் என்கிறார்களாம். கோனேரிக்குப்பம் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். "சர்வேயம்மா படத்துல வெச்சிக்கிறாங்க, எங்கயும் போவேணாம்னு சொல்லிடறேன்" என்று இறங்கிப் போனாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. நீங்களே பாருங்கள், அந்த ஃபைலில் அவள் இருக்கிறாள்.

அந்த வருஷ ஐப்பசி கார்த்திகை மழை உங்களுக்கும் நினைவிருக்கும். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பதினான்கு வருஷத்துக்குப் பிறகு எங்கள் ஏரி நிரம்பியது. ஏரி வழிந்தால் ஊரே கலங்கலுக்குப் போய்ப் பூசை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சளும் பூவும் வழிகிற தண்ணீரில் விடுவார்கள். தலைமடை கடைமடை எல்லாரும் ஒன்றாக நின்றோம். தலைமடைக்காரர் ஒருவர் வேதகிரியைப் பார்த்து, "இனிமே உன் கனவ நீயே வெச்சிக்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேதகிரி நனைந்துகொண்டே நின்றான். அவன் அழுததை நான் மட்டும் பார்த்தேன். கர்ப்பூரத் தட்டை என் கையில் கொடுத்து, "மொதல்ல நீ காட்டுக்கா" என்றான்.

மதகு திறந்து மூடுகிற நீர்க்கட்டி கோபால் பக்கத்தில் குடை பிடித்து நின்றான். திட்டு இருக்கிற பக்கம் பார்த்தேன். அரை மைல் தண்ணீர், அதற்கு மேல் மழை. ஒன்றும் தெரியவில்லை. திட்டில் யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எச்சரிக்க சொல்ற பட்டியல்ல அவங்க இல்லியேம்மா. படத்துலருந்து எடுத்த பட்டியலாம். நேத்தே மத்தவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சி."

அப்போது மணி பன்னிரண்டு. என் கையில் தட்டு இருந்தது. கர்ப்பூரம் மழையில் அணைந்துவிடுமென்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். காட்டினேன்.

தண்ணீர் கேசவனின் கல்லைத் தாண்டியது காலை எட்டு மணிக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கல் நீருக்குள் போன பிறகும் அவன் கிளம்பவில்லையாம். இதோ இப்போது வழிந்துவிடும், வழிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். சுவர் கரைய ஆரம்பித்த பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள். முழங்கால் அளவு என்று எண்ணி வரவுக்காலில் இறங்கினார்கள். கழுத்தளவு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு, பகல் வெளிச்சத்தில். கேசவன், அவன் மருமகள் தேவி, தேவியின் இரண்டு குழந்தைகள், ஒற்றையாளாக இருந்த கிழவி செல்லாயி. பெரிய குழந்தையை மட்டும் மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். கங்கம்மாள் அன்றைக்கு விடிந்ததுமே ரேஷன் வாங்க மானாம்பதிக்குப் போயிருந்தாள்.

பதினாறாம் நாள் முடிந்து அவள் என்னைப் பார்க்க வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாங்க படத்துல இருந்தோம்லம்மா?"

"இருந்தீங்க."

போகத் திரும்பினாள். பிறகு, "அப்ப தண்ணிதான் படம் பாக்கல" என்றாள். என்மேல் ஒரு குறையும் வைக்காமல் அவள் படியிறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மாடிக்குப் பதினெட்டுப் படி. மிச்சமிருந்தவர்கள் எல்லாம் அந்த வாரமே கிளம்பிப் போனார்கள். எங்கே என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கும் பட்டியல் இல்லை.

விசாரணை நடந்தது. நிறுவனமே இருவரை அனுப்பியது. கோப்பு வடிவம் மாற்றும்போது சிறிய உருவங்கள் சில இழக்கப்பட்டுள்ளன, இது இத்தகைய வேலையில் நேரக்கூடியதே, பொறுப்பாளர் சரிபார்த்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். சென்னை போகும் முன்பே அனுப்புகிற தாளில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தவர் சுகுமார். அவரை நீக்கினார்கள். போவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தார். "நான் போன்ல கேட்டதோட நிறுத்தியிருக்கக் கூடாதும்மா. உங்க வயசுக்கு நீங்க எவ்வளவுதான் பாப்பீங்க. தப்பு என்னுதுதான்" என்றார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

மாற்றும்போது விழுந்துவிட்டது என்கிற பேச்சை அதற்குப் பிறகு எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்க நானே அதை நம்பிவிடுவேன் போலிருந்தது. நேற்று நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

புல்லின் மேல் ஒரு தப்பும் இல்லை, கல்பனா. அது தானாக எதையும் விடாது. என்ன கட்டளை கொடுத்தாலும் வரிவரியாகக் குறித்து, படத்தோடேயே ஒரு சரித்திரமாக வைத்துக்கொள்ளும். அந்த சிடியிலேயே இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் திறப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அங்கே பிசிறு எடுக்கிற வரி ஒன்று இல்லை. ஆறு இருக்கும்.

முதல் வரியில் எண் ஐந்து. அதிலேயே நிஜமான பிசிறு இருநூற்றுச் சொச்சமும் போய்விட்டது. படம் சுத்தமாகிவிட்டது. அத்தோடு நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். இரண்டாவது இருபது. அதில் ஒரு வீடு போயிற்று, செல்லாயியுடையது. ஒற்றையாள், சின்னக் குடிசை. ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திறந்து பேர் பார்த்தேன். முப்பது போட்டேன். நான்கு பேர் போனார்கள். நாற்பது. மூன்று பேர். நாற்பத்தைந்து போட்டபோது ஒரே ஒரு பேர் மிச்சம். கங்கம்மாள். அவள் வீடு நாற்பத்தேழு. ஆட்டுச் சாய்ப்பை அளக்காமல் விட்டிருந்தால் அதற்கு முன்னாலேயே போயிருக்கும்.

கொஞ்ச நேரம் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐம்பது போட்டேன்.

ஆறு வரிக்குக் கீழே இன்னும் இரண்டு இருக்கும். இருபது போட்டபோதே கரைமேல் இருந்த பிடாரி கோயிலும் காணாமல் போய்விட்டது. அது பன்னிரண்டு சதுர மீட்டர்தான். மதகும் போய்விட்டது. அது இரண்டும் இல்லாமல் படம் தப்பாகிவிடுமே என்று, பழைய ஃபைலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் திரும்ப வரைந்து சேர்த்தேன். கோயிலை முதலில் வரைந்தேன். திட்டு அதே திரையில்தான் இருந்தது. அன்றைக்கு மதியம் நான் கொண்டுபோயிருந்த சோறு நன்றாகவே இறங்கியது.

மறுவருஷம் கடைமடையில் இரண்டாம் போகம் விளைந்தது. வேதகிரி முதல் மூட்டையை எனக்குத்தான் கொண்டுவந்தான். இன்றுவரை ஒரு வருஷமும் தப்பவில்லை. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அவனைக் கேட்கவேண்டாம். சுகுமாருக்கு மட்டும் இதன் ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள். முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன்.

இரண்டு சிடியையும் இந்தக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். எதைப் புது வடிவத்துக்கு மாற்றுவது என்பது உங்கள் பொறுப்பு. என் கருத்தைக் கேட்டால் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம்கூடக் கரைமேல் போய் நின்று பார்த்தேன். மேற்கே எட்டிய மட்டும் தண்ணீர்தான். கல்கூடத் தெரியவில்லை. நான் அனுப்பிய படத்தில் இன்றைக்கு ஒரு பிழையும் இல்லை.